கஸ்தூரி அக்கா என் காலைப் பிடித்த கதை

நாற்பத்து மூன்று வயதில் ஓட ஆரம்பிக்கிறவர்களால் ஒரு காரியம் மட்டும் முடியவே முடியாது. தாங்கள் ஓடுவதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நானும் அந்த ரகம்தான். அந்தத் தடவை நான் ஓடியது மொத்தம் இருபத்திரண்டு நாள். அதைப் பற்றிப் பேசியது இன்னும் முடிந்தபாடில்லை. இதோ, எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு மல்காஜ்கிரியில். எனக்கு வேலை கச்சிபௌலியில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தே போய், அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, மறுபடி உட்கார்ந்தே வீடு திரும்புகிறவள் நான். ஒரு நாள் ஆபீஸில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் என்று அறிவித்தார்கள். பெயர் கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பனியன் இலவசம். அந்த ஆரஞ்சு என் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. உடல் நலம், மன உறுதி என்றெல்லாம் பிறகு பலரிடம் அளந்துவிட்டேன். உண்மைக் காரணம் பனியன்தான்.

அலமாரியில் என் மகள் பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை ஷூ கிடந்தது. அடிப்பாகம் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமாக உள்ள சிமென்ட் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் தூரம். மூன்றாவது வாரம் ஆறு கிலோமீட்டர்! போனில் இருந்த ஓட்டப் பயிற்சி ஆப் 'இன்று ஓய்வு நாள்' என்று அவ்வப்போது கெஞ்சும். ஓய்வெல்லாம் சோம்பேறிகளுக்கு என்று அதைத் தள்ளிவிட்டுக் கிளம்புவேன். (அந்த ஆப்புக்கு வாய் இருந்திருந்தால் என் கணவர் மாதிரியே பெருமூச்சு விட்டிருக்கும்.)

பதினெட்டாவது நாள், இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கமாக ஒரு வலி எட்டிப் பார்த்தது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். 'உடம்பு பழகுகிறது' என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் அது மறையவில்லை. இருபத்திரண்டாம் நாள் கம்பெனி பஸ்ஸின் படியில் நேராக இறங்க முடியாமல், ஏணியில் இறங்குகிற மாதிரி திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினேன். எனக்குப் பின்னால் பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கஸ்தூரி அக்காவைச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார். இரண்டு தெரு தள்ளி வீடு. ரயில்வேயில் முன்பதிவு கவுன்ட்டரில் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்குக்கூட மைக் இல்லாமல் பதில் சொல்லியே முடி நரைத்தவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நான் நான்கடி பதினொன்று. என் கல்யாணப் போட்டோவில் அவருக்குப் பக்கத்தில் நான் அவருடைய கைப்பை மாதிரி இருப்பேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் வைத்த ரசம், வாங்கிய திரைச்சீலை, மகளுக்கு வைத்த பெயர் எதிலும் அவருக்குத் திருப்தி வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் ஓடுவது தெரிந்த அன்றைக்கே வாசலில் நின்று விசாரணை நடத்தினார்.

"வண்டி கிளம்பிருச்சா?"

"இல்லக்கா."

"யாராச்சும் தொரத்துறாங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் கைக்குடி ஓடுற?"

(மூன்று தலைமுறையாக, தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். 'ஏன்' என்று கேட்கக் கோபம் போதாதபோது உருதுவுக்குத் தாவி 'கைக்கு' என்று கேட்பார்கள்.)

நான் நொண்டுகிற செய்தி எட்டியதும் ஒரு தைலப் பாட்டிலோடு வந்தார். சரியாக அந்த எலும்பின் மேலேயே கட்டை விரலை வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கேஸ் சிலிண்டரா என்று கேட்டார்.

கடைசியில் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஸ்ரவந்தி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. என்னை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். எலும்பு நெடுக ஒவ்வொரு அங்குலமாகத் தொட்டு, "நொப்பி இக்கடா? இக்கடா?" என்று தெலுங்கில் வலிக்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். வலி ஒரே புள்ளியில் குத்தியிருந்தால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாமாம். எனக்கு நீளமாக ஒரு ஜாண் அளவுக்குப் பரவியிருந்தது. "ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்" என்றார். பெயர் தெரிந்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஓட்டக்காரர்களுக்குத்தானே அது வரும்!

"எப்படி வந்துச்சு டாக்டர்?"

அவர் தெலுங்கில் சொன்னார். நான் தமிழில் சொல்கிறேன். "எலும்பைக் கட்டைன்னு நெனச்சீங்களா மேடம்? அதுக்கு உசிர் இருக்கு. நீங்க ஓடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாத் தேயுது. நீங்க சும்மா இருக்கும்போது, தேஞ்ச எடத்தை உடம்பு சுரண்டி எடுத்துட்டு, புதுசா வச்சுப் பூசுது. முன்னால இருந்ததைவிடக் கெட்டியாப் பூசுது. நீங்கதான் பூசுறதுக்கு டைமே குடுக்கல."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வருஷம் என்னோடேயே இருந்த கால். மேஜையில் இடித்துக்கொண்டால் திட்டுவேன். பண்டிகைக்கு மஞ்சள் பூசுவேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. உள்ளே இப்படி ஒரு வேலை நடக்கிறது, அதுவும் நான் கேட்காமல், நான் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது! வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டரின் கால், கூடையோடு நின்ற பூக்காரம்மாவின் கால், ஜன்னலுக்கு வெளியே சிக்னலில் நாள் முழுக்க நிற்கிற போலீஸ்காரரின் கால். அத்தனைக்கும் உள்ளே பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பூக்காரம்மா புடவையைச் சற்றே இழுத்துவிட்டுக்கொண்டு என்னை முறைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆறு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார். பந்தயத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. ஐஸ் வைக்க வேண்டும். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். அந்த ஷூவைக் கண் காணாத இடத்தில் போட வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பனியனுக்காக ஆரம்பித்ததுதான். ஆனால் அந்த இருபத்திரண்டு நாளில் எனக்குத் தெரியாமலே ஏதோ நடந்திருந்தது. காலையில் அந்த முக்கால் மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அது போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்த ஸ்ரவந்தி, "தண்ணியில ஓடலாமே" என்றார். நீச்சல் குளத்தில், இடுப்பில் மிதக்கிற பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் ஓடுகிற மாதிரி ஆட்ட வேண்டுமாம். எலும்பில் அடி விழாது. நீச்சல் தெரிய வேண்டாம். ஒரு நீல நிற பெல்ட்டையும் கொடுத்தனுப்பினார். "டைட்டா கட்டுங்க மேடம். விலா எலும்புக்குக் கீழே. ரொம்ப டைட்டா."

மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையை ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம். கஸ்தூரி அக்கா துணைக்கு வந்தார். "தம்பி பொண்டாட்டி தனியா தண்ணியில எறங்குறா, நான் வீட்ல ஒக்காந்திருக்கிறதா?" என்றார். சிரிக்க வந்தார் என்பது என் கணிப்பு. வெளியே போகிறோம் என்பதற்காக மெரூன் நிறத்தில் புத்தம் புதிய சுங்குடிப் புடவை, தோளில் கைப்பை, கையில் என் துண்டும் மூக்குக் கண்ணாடியும். குளத்தின் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கவுன்ட்டரில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார்.

நான் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்த காட்சியை விவரிக்க எனக்கே மனம் வரவில்லை. முழங்கால் வரை வருகிற, ஓரத்தில் சுருக்கம் வைத்த கறுப்பு நீச்சல் உடை. ஒரு முழம் பின்னலையும் உள்ளே திணித்ததால் தலைக்கு மேல் இன்னொரு தலை முளைத்த மாதிரி ரப்பர் தொப்பி. பெல்ட்டை டாக்டர் சொன்னபடிதான் இறுக்கிக் கட்டினேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பெல்ட்டுக்கு மேலே ஒரு டயர், கீழே ஒரு டயர். வெளியே எட்டுப் பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அதோடு கஸ்தூரி அக்காவும் இருக்கிறார். அதனால் பெல்ட்டை மூன்று ஓட்டை தளர்த்தினேன். டயர்கள் மறைந்தன. என் அறிவும் அதோடு மறைந்தது.

நீச்சல் கோச் ரஜிதா நல்ல ஆகிருதியான பெண்மணி. அந்தக் கடைசியில் இரண்டு பேருக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஐந்தடி ஆழப் பக்கத்தில் ஏணி வழியாக இறங்கச் சொல்லிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் கம்பியை விடாதீங்க" என்றார். நான் கம்பியைப் பிடித்தபடி தொங்கினேன். கால் எட்டவில்லை, ஆனால் மூழ்கவுமில்லை. மெதுவாகக் காலை ஆட்டிப் பார்த்தேன். ஒரு கையை விட்டேன். இன்னொரு கையும் எப்போது விட்டது என்று எனக்கே தெரியாது.

நான் ஓடினேன்.

கீழே தரை இல்லை. சத்தம் இல்லை. எடை இல்லை. இத்தனை நாளாக ஒவ்வொரு அடிக்கும் ஊசி குத்திய கால்கள் இரண்டும், எனக்குச் சொந்தமே இல்லாத மாதிரி, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் போய்வந்தன. துளி வலி இல்லை. பறவைகளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். "அக்கா, பாருங்க! ஓடுறேன்!" என்று கத்தினேன். கண்ணாடி இல்லாததால் அவர் எனக்கு ஒரு மெரூன் திட்டாகத்தான் தெரிந்தார். அந்தத் திட்டு கையை ஆட்டியது.

ஏழெட்டு அடி எடுத்து வைத்திருப்பேன். இடுப்பில் இருந்த பெல்ட் வழுக்கிக்கொண்டு தொடைக்கு இறங்கியது. மிதக்கிற பெல்ட்டின் வேலை, அது கட்டியிருக்கிற இடத்தை மேலே தூக்குவது. அது தன் கடமையைச் செய்தது. தொடை மேலே போனது. தலை கீழே போனது.

மேலே இருந்தவர்களுக்குத் தண்ணீருக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தனவாம். அதுவும் ஓடிக்கொண்டே.

உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. தரையின் ஓடுகள் மங்கலாகத் தெரிந்தன. தொப்பி கழன்று பின்னல் என் முகத்துக்கு முன்னால் மெதுவாக மிதந்து போனது. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? அடுப்பை அணைத்தேனா என்று நினைத்தேன். பிறகுதான் மூக்கில் தண்ணீர் ஏறி, பயம் வந்தது. நிஜமான பயம்.

அப்போது என் கால்களை யாரோ பிடித்தார்கள். பிடித்த இடம், சரியாக, அந்த எலும்பு. இரண்டு காலிலும். ஐந்தைந்து விரல்கள். தைலம் தேய்த்த அதே விரல்கள் என்று தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அலறினேன். அத்தனையும் குமிழிகளாகப் போய்விட்டன.

நடந்தது இதுதான். என் தலை காணாமல் போன உடனே, கஸ்தூரி அக்கா செருப்போடும் கைப்பையோடும் நாற்காலியிலிருந்து அப்படியே குளத்தில் குதித்துவிட்டார். மேலே தெரிந்தது கால்தான். ஆகவே காலைப் பிடித்தார். பிடித்து, முழு பலத்தோடு மேலே தூக்கினார். அவர் தூக்கத் தூக்க, என் தலை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

ரஜிதா அந்தப் பக்கத்திலிருந்து நீந்தி வந்துகொண்டே கத்தினாராம். "அம்மா! காள்ளு வதலண்டி! காலை விடுங்க!"

"விட மாட்டேன்! விட்டா போயிருவா!"

"பைர் சோடோ அம்மா! சோடோ!"

"நக்கோ! நான் சோட மாட்டேன்!"

(மூன்று பாஷையும் ஒரே மூச்சில். 'நக்கோ' என்றால் இந்த ஊர் உருதுவில் 'வேண்டாம், முடியாது'. இதைப் பிற்பாடு அங்கே இருந்த பெண்கள் எனக்கு நடித்தே காட்டினார்கள்.)

கோச் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, என்னை இடுப்பில் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினார். வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. இருமினேன், துப்பினேன், மறுபடி இருமினேன். கண்ணைத் திறந்தால் எதிரே கழுத்தளவு தண்ணீரில் கஸ்தூரி அக்கா நிற்கிறார். என்னை உச்சி முதல் தாடை வரை பார்த்தார். உயிரோடு இருக்கிறேன் என்று நிச்சயமானதும் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐயையோ, எனக்கு நீச்சல் தெரியாதேடி!"

அவ்வளவுதான், பாய்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் மறுபடி உள்ளே போனோம்.

இரண்டாவது மீட்புப் பணிக்கு அந்த நேரத்தில் இருந்த அத்தனை பெண்களும் தேவைப்பட்டார்கள். அக்காவின் புடவைத் தலைப்பு குளத்தின் பாதி தூரம் விரிந்து மிதந்தது. நான்கு பேர் அதை வலை இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். புது சுங்குடி, முதல் நனைப்பு. அக்காவைச் சுற்றித் தண்ணீரில் மெரூன் மேகம் ஒன்று பரவத் தொடங்கியது. அதைப் பார்த்து ஒரு பெண் ரத்தம் என்று நினைத்து அலற, மறுபடி ஒரு கலவரம். "சாயம்! சாயம்!" என்று அக்கா கவுன்ட்டர் குரலில் அறிவித்த பிறகுதான் அடங்கியது. கோச் குளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நேரே போய் வாசல் கதவில் 'இன்று விடுமுறை' பலகையை மாட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரோ சூடாக டீ கொடுத்தார்கள். என் மூக்குக் கண்ணாடி மட்டும் பத்திரமாக நாற்காலியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. குதிக்கிறதுக்கு முன்னால் அதை மட்டும் வைத்துவிட்டுக் குதித்திருக்கிறார்.

"நீச்சல் தெரியாதே, ஏங்க்கா குதிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ஒன் தலை தெரியல" என்றார். பிறகு, "தெரியாதுங்கிறது ஞாபகம் வரலடி. எறங்கின அப்புறம்தான் வந்துச்சு."

இருபது வருஷமாக என் ரசத்தில் குறை கண்டுபிடித்த பெண்மணி இவர். ஒரு ரயிலின் பெட்டி வாரியான காலி இடம் எல்லாம் தலையில் இருக்கிறவர், தனக்கு நீச்சல் தெரியாது என்பதை எப்படி மறந்தார்? உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை, எனக்காக, ஒரு நிமிஷம் முழுக்க மறந்திருக்கிறார். நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். ஒரு செருப்பு குளத்துக்குள்ளேயே போயிருந்தது.

"எத்தனை அடி இருக்கும்?" என்று கோச்சைக் கேட்டார் அக்கா.

"அஞ்சு."

"அஞ்சுதானா?" அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அடுத்த தடவை ஸ்ரவந்தி என் கால்களைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்களின் அச்சு, கரு நீலத்தில். "மேடம், இது ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் இல்லையே. இது என்ன?" என்றார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

பந்தயத்தை நான் ஓடவில்லை. பனியன் மட்டும் வந்தது. (ஆரஞ்சு எனக்கு நன்றாகவே இல்லை.) ஆனால் அந்தக் குளத்துக்கு மறுபடி போனேன். பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு டயரோடும் வாரம் மூன்று நாள் தண்ணீரில் ஓடினேன். கஸ்தூரி அக்கா வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது கோச்சின் நிபந்தனை. அவர் வேலிக்கு வெளியே நின்றபடி, "தலையைத் தூக்குடி! தலை!" என்று ஒரு மணி நேரமும் அறிவித்துக்கொண்டிருப்பார்.

ஏழாவது வாரம் ஒரு காலையில், புது ஷூ போட்டுக்கொண்டு, ரயில்வே மைதானத்தின் மண்ணில் ஒரு நிமிஷம் ஓடினேன். நான்கு நிமிஷம் நடந்தேன். மறுபடி ஒரு நிமிஷம் ஓடினேன். பிறகு குனிந்து, டாக்டர் செய்கிற மாதிரி எலும்பு நெடுக ஒவ்வொரு அங்குலமாக அழுத்திப் பார்த்தேன். இங்கே? இல்லை. இங்கே? இல்லை. எங்கேயும் வலிக்கவில்லை. யாரோ எனக்குள்ளே இருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மைதானத்தின் நடுவே குந்தி உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்ற அக்கா, "வலிக்குதா?" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப கைக்கு ஒக்காந்திருக்க? ஓடு!" என்றார்.

இன்றைக்கு வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். மெதுவாகத்தான். ஓய்வு நாளன்று ஓய்வெடுக்கிறேன்.

போன மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். தாம்பூலம் கொடுத்த வரிசையில் ஏதோ குறை என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "கஸ்தூரி, நீ போய்ப் பேசு, காலைக் கையைப் பிடிச்சாவது சரிபண்ணு" என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு ரகசியமாகப் பேச வராது. அவர்கள் எதிரிலேயே சொன்னார்: "காலைப் பிடிக்கிறதா? நான் என் ஆயுசுல ஒரே ஒருத்தி காலைத்தான் பிடிச்சிருக்கேன். அதுவும் அவ தலைகீழா நின்னதால."

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் கோபத்தை மறந்து, என்ன விஷயம் என்று கேட்டார்கள். அப்புறம் என்ன, முழுக் கதையும் மறுபடி அரங்கேறியது. செருப்பு, கைப்பை, சுங்குடி, நக்கோ, எல்லாம். குளத்தின் ஆழம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே வருகிறது. போன வருஷம் பத்தடி இருந்தது. அன்றைக்குப் பதினெட்டு.

மணப்பெண் என் பக்கம் திரும்பி, "நெஜமாவா சித்தி? பதினெட்டு அடியா?" என்று கேட்டாள். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஆமா, பதினெட்டு" என்றேன்.

அன்றைக்கு நாற்காலியிலிருந்து குதித்த போது அது எத்தனை அடி என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் கேட்டதே கரையேறிய பிறகுதான். அதனால் அவர் எத்தனை அடி என்று சொல்கிறாரோ, அத்தனை அடிதான்.